எடையற்ற நிலையில் சிறுநீரகம்: விண்வெளி சென்ற பிராணிகள் அளிக்கும் பாடம்

வைகாசி மாதத்து நண்பகலில் கொல்கத்தாவின் பாலிகஞ்ச் பகுதியில் சிறிது தூரம் நடந்து செல்பவரின் சட்டை வியர்வையில் நனைந்துவிடும். அன்று அவர் கழிக்கும் சிறுநீர் அளவில் குறைந்தும் நிறத்தில் அடர்ந்தும் இருக்கும். உடலில் நீர் குறைகிறது என்ற செய்தி மூளைக்கு எட்டுகிறது. மூளையிலிருந்து ஒரு ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. அது சிறுநீரகத்தை அடைந்து, நீரைச் சேமிக்குமாறு கட்டளையிடுகிறது. நடப்பவர் அறியாமலேயே இவை அனைத்தும் நடந்து முடிந்துவிடுகின்றன.

இதே பாலிகஞ்சில், தாரகநாத் பாலித் 1912-ஆம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு வழங்கிய பெருங்கொடையின் நினைவாக அவர் பெயரைத் தாங்கி நிற்கும் வளாகத்தில், கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல், உயிர்வேதியியல் போன்ற துறைகள் இயங்கி வருகின்றன. அதற்கு அதிகத் தொலைவின்றி, குருசதய் சாலையில், 1959-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் திறக்கப்பட்ட பிர்லா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம் அமைந்துள்ளது. ஓரிடம் உயிரினங்களைப் பற்றிய கல்விக்கும், மற்றோரிடம் எந்திரங்களைப் பற்றிய அறிவுக்கும் உரியவை. இவ்விரு துறைகளும் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்களில் விண்வெளி மருத்துவம் குறிப்பிடத்தக்கதாகும். ராக்கெட் எவ்வளவு திறமையாக அமைக்கப்பட்டாலும், அதில் செல்லும் உயிரின் சிறுநீரகம் சரிவர இயங்காவிடில் பயணம் வெற்றி பெறாது. இந்தியா தன் சொந்த விண்கலத்தில் மனிதரை அனுப்ப முற்பட்டுள்ள நிலையில், விண்வெளி சென்று திரும்பிய பிராணிகளின் சிறுநீரகமும் ஹார்மோன்களும் எத்தகைய மாற்றங்களுக்கு உள்ளாயின என்பதை மாணவரும் நிர்வாகிகளும் அறிந்திருத்தல் பயனுடையதாகும்.

உடலின் வரவு செலவுக் கணக்கு

மனித உடலின் எடையில் இரு சிறுநீரகங்களும் சேர்ந்து அரை சதவீதத்துக்கும் குறைவே. ஆயினும் ஓய்வு நிலையில் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவற்றின் வழியே செல்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 இலட்சம் நெஃப்ரான்கள் எனப்படும் நுண்குழல் அமைப்புகள் உள்ளன. நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர் இவற்றில் வடிகட்டப்படுகிறது. அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. எஞ்சியது உடலுக்கே திரும்புகிறது. 100 ரூபாய் வரவில் 99 ரூபாயைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, தேவையற்ற ஒரு ரூபாயை மட்டும் வெளியே விடும் கணக்கருக்குச் சிறுநீரகத்தை ஒப்பிடலாம்.

இக்கணக்கர் தன்னிச்சையாகச் செயல்படுவதில்லை. கட்டளைகள் ஹார்மோன்களின் வாயிலாக வருகின்றன. அவற்றுள் நான்கு முக்கியமானவை. முதலாவது, மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உருவாகி, பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியில் சேமிக்கப்படும் வாசோபிரஸின். இது நீரைத் திரும்பப் பெறுமாறு சிறுநீரகத்துக்கு ஆணையிடுகிறது. இரண்டாவது, அட்ரினல் சுரப்பியின் புறப்பகுதி சுரக்கும் ஆல்டோஸ்டிரோன். இது சோடியத்தைச் சேமித்துப் பொட்டாசியத்தை வெளியேற்றச் செய்கிறது. மூன்றாவது, சிறுநீரகமே இரத்த அழுத்தம் குறையும்போது வெளியிடும் ரெனின். ஆல்டோஸ்டிரோன் சுரப்பதைத் தூண்டுவது இதன் பணி. நான்காவது, இதயத்தின் மேலறைகள் விரிவடையும்போது அவற்றிலிருந்து வெளிப்படும் ஹார்மோன். கனடாவில் அடால்ஃபோ டி போல்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் எலிகளின் இதய மேலறைச் சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தி, அவை அதிக அளவில் உப்பும் நீரும் கழிப்பதை 1981-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். குருதியைச் செலுத்தும் பம்பு என்று மட்டும் கருதப்பட்ட இதயம், சுரப்பியாகவும் பணிபுரிகிறது என்ற உண்மை இவ்வாறு ஒரு பிராணிப் பரிசோதனையால் வெளிப்பட்டது.

எடை நீங்கும்போது நிகழ்வது

பூமியில் நிற்கும் மனிதனின் இரத்தம் ஈர்ப்பு விசையால் கால்களை நோக்கி இழுக்கப்படுகிறது. இவ்விழுப்பைச் சமாளித்தே இதயமும் இரத்தக் குழாய்களும் இயங்கப் பழகியுள்ளன. விண்கலம் பூமியைச் சுற்றத் தொடங்கியதும் இந்த இழுப்பின் விளைவு மறைந்துவிடுகிறது. கால்களிலிருந்து ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரையான திரவம் மார்புக்கும் தலைக்கும் நகர்கிறது. விண்வெளி வீரர்களின் முகம் உப்பியும் கால்கள் மெலிந்தும் காணப்படுவது இதனாலேயே.

இந்த நகர்வு சிறுநீரகத்தை எவ்வாறு பாதிக்கும் என்பதற்கான முதல் விளக்கம், விண்வெளிப் பயணங்கள் தொடங்குவதற்கு முன்னரே நாய்களிடம் நடத்திய பரிசோதனைகளிலிருந்து கிடைத்தது. 1950-களில் காவர், ஹென்றி ஆகிய இரு விஞ்ஞானிகளும் அவர்களுடைய சகாக்களும், மயக்கமுற்ற நாய்களின் மார்புப் பகுதியில் இரத்தம் மிகுதியாகச் சேரும்படி செய்தபோது சிறுநீர் பெருகுவதைக் கண்டனர். பின்னர் நாயின் இதய இடது மேலறையில் சிறு பலூன் ஒன்றை விரித்து, அவ்வறை நீட்சியடைவதே இப்பெருக்கத்துக்கு வழிவகுக்கிறது என்று காட்டினர். இதயத்தில் இரத்தம் மிகுந்தால், உடலில் நீர் அதிகமாகிவிட்டது என்று உடல் பொருள் கொள்கிறது. அதனைக் கழித்துவிட ஆணை பிறக்கிறது என்பதே அவர்களது கொள்கை.

இக்கொள்கையை விண்வெளிக்குப் பொருத்துவது எளிதாகத் தோன்றியது. எடையற்ற நிலையில் இரத்தம் மார்பை நோக்கி நகர்வதால், மொத்த நீரின் அளவு மாறாதபோதும், நீர் மிகுந்துவிட்டதாக உடல் தவறாகக் கணக்கிடும், சிறுநீர் பெருகும், இரத்தத்தின் அளவு சுருங்கும். பல ஆண்டுகள் பாடநூல்கள் இவ்வாறே கூறி வந்தன. ஆனால் உண்மையில் நிகழ்ந்தது இதனினும் சிக்கலானது என்பதைப் பின்வந்த பயணங்கள் எடுத்துக்காட்டின.

நாய்களும் ஒரு குரங்கும்

1966-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சோவியத் யூனியன் அனுப்பிய காஸ்மாஸ் 110 என்னும் விண்கலத்தில் வெத்தரோக், உகோல்யோக் என்ற இரு நாய்கள் 22 நாட்கள் பயணம் செய்து உயிருடன் திரும்பின. அவற்றின் உடலில் நீர் வற்றியிருந்தது, எடை குறைந்திருந்தது, தசைகள் நலிந்திருந்தன. நீண்ட பயணத்தில் உடலின் நீர்க்கணக்கு பாதிக்கப்படும் என்பதற்கு இது முன்னறிவிப்பாக அமைந்தது.

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு நடந்த மற்றொரு பரிசோதனை இத்துறையின் வரலாற்றில் கசப்பான பாடமாக நிலைத்துவிட்டது. 1969-ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் அமெரிக்கா, பயோசாட்டிலைட் 3 என்னும் செயற்கைக்கோளில் போன்னி என்ற பெயருடைய ஆண் குரங்கு ஒன்றை அனுப்பியது. 30 நாட்கள் பயணம் செய்ய ஏற்பாடாகியிருந்தது. மூளை, இதயம், இரத்த அழுத்தம் ஆகியவற்றை அளக்கும் கருவிகள் அதன் உடலில் பொருத்தப்பட்டிருந்தன. சிறுநீரைக் குழாய் மூலம் சேகரித்து, அதிலுள்ள கால்சியம், கிரியாட்டினின் போன்றவற்றை விண்கலத்திலேயே தானாக ஆராயும் சாதனமும் இருந்தது. ஆயினும் குரங்கின் நிலை மோசமானதால் ஒன்பது நாட்களுக்குள் செயற்கைக்கோள் தரையிறக்கப்பட்டது. மீட்கப்பட்ட சில மணி நேரத்திலேயே குரங்கு இறந்தது. உடலில் நீர் வற்றியதைத் தொடர்ந்து இதயம் செயலிழந்ததே மரணத்துக்குக் காரணமாகக் கூறப்பட்டது.

எடையின்மைதான் குரங்கைக் கொன்றதா என்ற வினா உடனே எழுந்தது. அப்பிராணி அசைய இயலாதவாறு இருக்கையில் கட்டப்பட்டிருந்தது. உடலுக்குள் பல கருவிகள் செருகப்பட்டிருந்தன. எடையின்மையின் விளைவு எவ்வளவு, கட்டுண்டு கிடந்ததன் விளைவு எவ்வளவு என்று பிரித்தறிய ஒரே ஒரு குரங்கின் கணக்கு போதுமானதாக இல்லை. ஓர் உயிர் பலியானது. ஆனால் ஐயமற்ற முடிவு கிட்டவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மாற்றுக் குழு இல்லாத பரிசோதனை, எத்துணைக் கருவிகளைக் கொண்டிருந்தாலும், அறிவைப் பெருக்குவதில்லை என்பது அதன் படிப்பினையாகும்.

காஸ்மாஸ் எலிகள்

இக்குறையை நீக்கும் முயற்சியாக, 1973-ஆம் ஆண்டு முதல் சோவியத் யூனியன் உயிரியல் செயற்கைக்கோள்களை வரிசையாக அனுப்பத் தொடங்கியது. 1975-ஆம் ஆண்டின் காஸ்மாஸ் 782 முதல் அமெரிக்க விஞ்ஞானிகளும் இதில் பங்கு கொண்டனர். இரு வல்லரசுகளும் பகைமை பாராட்டிய அக்காலத்தில், ஒரே எலியின் திசுக்களை மாஸ்கோவிலும் கலிபோர்னியாவிலும் உள்ள ஆய்வுக்கூடங்கள் பகிர்ந்துகொண்டது குறிப்பிடத்தக்கதாகும்.

எலிகளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் பல. அவை சிறியவை, ஒரே கூண்டமைப்பில் பலவற்றை அனுப்பலாம், ஒரே மரபைச் சேர்ந்தவையாதலால் ஒன்றுக்கொன்று வேறுபாடு குறைவு. விண்வெளி செல்லும் குழுவுக்கு இணையாக, அதே உணவு, அதே வெப்பநிலை, அதே கூண்டு ஆகியவற்றுடன் மற்றொரு குழு தரையில் வைக்கப்பட்டது. புறப்பாட்டின்போதும் இறக்கத்தின்போதும் ஏற்படும் அதிர்வுகளைக்கூடத் தரைக் குழுவுக்கு அளித்துப் பார்த்தனர். 1977-ஆம் ஆண்டில் சென்ற காஸ்மாஸ் 936-இல், சில எலிகள் விண்கலத்துக்குள்ளேயே சுழலும் எந்திரத்தில் வைக்கப்பட்டு, புவியீர்ப்புக்குச் சமமான செயற்கை விசைக்கு உட்படுத்தப்பட்டன. கதிர்வீச்சும் இரைச்சலும் இரு குழுக்களுக்கும் பொது. எடை ஒன்றே வேறுபாடு. எடையின்மையின் விளைவைத் தனித்துக் காண இதனினும் சிறந்த ஏற்பாடு அரிது.

சிறுநீரகத்தைப் பொறுத்தவரை பின்பற்றப்பட்ட முறை எளிமையானது. திரும்பி வந்த எலிக்கு அளவறிந்த நீரோ பொட்டாசிய உப்போ கொடுத்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு கழிக்கிறது என்று பார்ப்பதே அது. ஓர் அலுவலகத்தின் திறனை அறிய, அதற்குத் திடீரென்று கூடுதல் பணியைக் கொடுத்துப் பார்ப்பது போன்றதே இதுவும். இவ்வாராய்ச்சிகளிலிருந்து, சில வாரப் பயணத்தில் எலியின் சிறுநீரகம் தன் அடிப்படைத் திறனை இழந்துவிடவில்லை என்றும், அதனை நெறிப்படுத்தும் ஹார்மோன் ஒழுங்கிலேயே முதன்மையாக மாறுதல் காணப்படுகிறது என்றும் கருதப்பட்டது.

அவ்வொழுங்கின் மாறுதலுக்குச் சான்று பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து கிடைத்தது. 1987-ஆம் ஆண்டில் பறந்த காஸ்மாஸ் 1887-இன் எலிகளில் பின்பிட்யூட்டரி ஹார்மோன்கள் குறைந்திருப்பதாகத் தோன்றியது. இதனை உறுதி செய்யும் பொருட்டு, 1989-ஆம் ஆண்டில் 14 நாட்கள் பறந்த காஸ்மாஸ் 2044-இன் எலிகள் ஆராயப்பட்டன. அவற்றின் பிட்யூட்டரியிலும் வாசோபிரஸின், ஆக்ஸிடோசின் ஆகிய இரண்டின் இருப்பும் தரை எலிகளைவிடக் குறைவாகவே இருந்தது.

இம்முடிவை எவ்வாறு பொருள் கொள்வது? ஒரு கிடங்கில் தானிய இருப்பு குறைந்திருப்பதாக அறிக்கை வருகிறது எனக் கொள்வோம். விளைச்சல் குறைந்ததால் இருப்பு குறைந்திருக்கலாம். அல்லது தேவை மிகுந்து வேகமாக வெளியே சென்றதாலும் குறைந்திருக்கலாம். இருப்பை மட்டும் பார்த்து எது நேர்ந்தது என்று கூற இயலாது. எலிகளின் பிட்யூட்டரியும் அவ்வாறே. வாசோபிரஸின் பயணத்தின்போது மிகுதியாக வெளியேறியிருக்கலாம்; தரையிறங்கிய அதிர்ச்சியிலும் தாகத்திலும் வெளியேறியிருக்கலாம். எலிகளிடமிருந்து திசுக்கள் எடுக்கப்பட்டது தரையிறங்கிச் சில மணி நேரம் கழித்தே. வாசோபிரஸினோ சில நிமிடங்களில் ஏறி இறங்கும் தன்மையுடையது. வெள்ளம் வடிந்த பின் ஆற்றின் நீர்மட்டத்தை அளப்பது போன்ற இடர்ப்பாடு இது.

இதனைத் தவிர்க்க வேண்டுமாயின் விண்வெளியிலேயே மாதிரிகளைச் சேகரிக்க வேண்டும். 1993-ஆம் ஆண்டில் ஸ்பேஸ்லாப் உயிரியல் பயணத்தின் இரண்டாம் கட்டத்தில் 48 எலிகள் 14 நாட்கள் பயணம் செய்தபோது, சிலவற்றின் திசுக்கள் முதன்முறையாகச் சுற்றுப்பாதையிலேயே சேகரிக்கப்பட்டன. 2014-ஆம் ஆண்டு முதல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் எலி ஆராய்ச்சிக்கென்றே தனி ஏற்பாடு செயல்பட்டு வருகிறது.

எதிர்பார்ப்பும் உண்மையும்

இதே காலத்தில் மனிதரிடம் செய்த அளவீடுகள் பழைய கொள்கையை அசைத்தன. 1991-ஆம் ஆண்டில் ஸ்பேஸ்லாப் உயிரியல் பயணத்தின் முதற்கட்டத்தில், வீரர் ஒருவரின் இதயத்துக்கு அருகே நுண்குழாய் செலுத்திப் பெருஞ்சிரை அழுத்தம் அளக்கப்பட்டது. அது உயரும் என்று எதிர்பார்க்கப்பட்டது, உண்மையில் தாழ்ந்தது. சிறுநீர் பெருகும் என்று கருதப்பட்டது, பெருகவில்லை. வீரர்கள் குறைவாகவே நீர் அருந்தினர். இரத்தத்தின் நீர்ப்பகுதி ஓரிரு நாட்களிலேயே கணிசமாகச் சுருங்கியது. அதில் ஒரு பகுதி சிறுநீராக வெளியேறாமல், இரத்தக் குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் சென்றது எனக் கருதப்படுகிறது.

நாய்களில் கண்ட உண்மை பொய்யாகிவிடவில்லை. இதயம் விரிந்தால் சிறுநீர் பெருகும் என்பது இன்றும் ஏற்கப்பட்ட செய்தியே. ஆனால் விண்வெளியில் உணவு, தாகம், குமட்டல், தசை இயக்கம் ஆகிய அனைத்தும் ஒரே நேரத்தில் மாறுகின்றன. ஒரு காரணத்தை மட்டும் வைத்துக் கணித்த முடிவு, பல காரணங்கள் கூடும் இடத்தில் பிழைபட்டது. மேலும், நான்கு கால்களில் நிற்கும் எலியின் உடலில் இரத்தம் மேலும் கீழுமாக நகரக்கூடிய உயரம் சில சென்டிமீட்டர்களே. எலியின் சிறுநீரகம் மனிதச் சிறுநீரகத்தைவிட ஏறத்தாழ இருமடங்கு அடர்த்தியான சிறுநீரை உருவாக்க வல்லது. ஆதலின் எலியின் முடிவுகளை மனிதனுக்கு அப்படியே மாற்றிக்கொள்வது பொருந்தாது. திசுக்களுக்குள் நிகழும் மாறுதல்களை எலி காட்டும். உடல் முழுவதும் நிகழும் நீர் நகர்வை மனிதனிடமே அளக்க வேண்டும்.

வீரர்கள் பூமிக்குத் திரும்பும்போது, சுருங்கிய இரத்தம் மீண்டும் கால்களை நோக்கி இறங்குவதால் நிற்கும்போது மயக்கம் வரலாம். இதற்காக, தரையிறங்கும் முன்னர் உப்பு மாத்திரைகளுடன் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் அருந்தும் வழக்கம் அமெரிக்க விண்வெளி ஓடத்தில் பின்பற்றப்பட்டது. இது கொல்கத்தா வாசகருக்கு அந்நியமான செய்தியன்று. 1971-ஆம் ஆண்டில் பங்கான் அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே அளிக்கச் செய்து எண்ணற்ற உயிர்களைக் காத்தார். உடலில் நீர் தங்க வேண்டுமாயின் உப்பும் உடன் தங்க வேண்டும் என்ற ஒரே உண்மைதான் அகதி முகாமிலும் விண்வெளி ஓடத்திலும் பயன்பட்டது.

கற்கள் தரும் எச்சரிக்கை

எடை தாங்கும் பணி இல்லாதபோது எலும்புகள் கரைகின்றன. நீண்ட பயணங்களில் இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் வரை குறைவது அறியப்பட்டுள்ளது. கரையும் கால்சியம் சிறுநீரகத்தின் வழியே வெளியேற வேண்டும். வீரர்கள் நீரைக் குறைவாக அருந்துவதும் சேர்ந்துகொள்ளவே, சிறுநீரகத்தில் கல் தோன்றும் வாய்ப்பு மிகுகிறது. இதனைத் தடுக்கப் போதிய நீர் அருந்துவதும், பொட்டாசியம் சிட்ரேட் உட்கொள்வதும் பயனளிக்கக் கூடும் என்று காணப்பட்டுள்ளது.

இம்மாறுதல் உடலோடு நின்றுவிடவில்லை. சர்வதேச விண்வெளி நிலையத்தில் சிறுநீரைச் சுத்திகரித்து மீண்டும் குடிநீராக்கும் சாதனம் 2008-ஆம் ஆண்டில் பொருத்தப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே அதில் கால்சியம் சல்பேட் படிந்து அடைப்பு ஏற்பட்டது. வீரர்களின் சிறுநீரில் கால்சியம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்ததே காரணம். எலும்பிலும் சிறுநீரகத்திலும் நேர்ந்த மாறுதல், குழாயில் அடைப்பாக வெளிப்பட்டது. பொறியாளரும் உடலியல் அறிஞரும் தனித்தனியே திட்டமிட்டால் இழப்பு இருவருக்கும் பொது என்பதற்கு இதனைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

கற்களுக்குக் காரணம் எலும்பு கரைவது மட்டுமே என்ற கருத்தும் அண்மையில் மறுபரிசீலனைக்கு உள்ளாகியுள்ளது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் பல நாட்டு அறிஞர்களுடன் இணைந்து, 2024-ஆம் ஆண்டில் விரிவான ஆய்வொன்றை வெளியிட்டனர். மனிதரும் சுண்டெலிகளும் சென்ற 40-க்கும் மேற்பட்ட பயணங்களின் மாதிரிகளும் தகவல்களும், தரையில் நடத்திய ஒத்திகைகளும் இதில் ஒருங்கே ஆராயப்பட்டன. உப்புகளைக் கையாளும் முறையையே சிறுநீரகம் மாற்றிக்கொள்கிறது என்பதும், கல் தோன்றுவதற்கு இதுவும் நேரடிக் காரணமாகலாம் என்பதும் தெரியவந்தன. கால்சியத்தையும் உப்பையும் நுணுக்கமாகச் சீர்செய்யும் சில சிறுகுழல் பகுதிகள், ஒரு மாதத்துக்கும் குறைவான காலத்திலேயே சுருங்கும் அறிகுறி காட்டின.

இதனினும் கவலைக்குரியது கதிர்வீச்சு. சர்வதேச விண்வெளி நிலையம் பூமியின் காந்தப்புலத்தின் பாதுகாப்புக்குள் சுற்றுகிறது. செவ்வாய்க் கிரகத்துக்குச் செல்வோருக்கு அப்பாதுகாப்பு இராது. இரண்டரை ஆண்டுக்கால செவ்வாய்ப் பயணத்தில் ஏற்படக்கூடிய அளவுக்கு அண்டக் கதிர்களை ஒத்த கதிர்வீச்சைச் சுண்டெலிகளுக்குத் தரையில் அளித்தபோது, அவற்றின் சிறுநீரகத்தில் நிலையான சேதமும் செயல் இழப்பும் காணப்பட்டன. மனிதருக்கும் இவ்வாறே நேரும் என்று உடனே முடிவு கட்ட இயலாது. கதிர்வீச்சைச் சில நிமிடங்களில் அளிப்பதும் ஆண்டுக்கணக்கில் பெறுவதும் ஒன்றல்ல. எனினும், சிறுநீரகம் பெருமளவு பழுதான பின்னரே நோயின் அறிகுறிகளைக் காட்டும் உறுப்பு. பூமியிலிருந்து பல மாதத் தொலைவில் அது தெரியவந்தால் செய்யக்கூடியது மிகக் குறைவே.

இந்தியாவின் தேவை

1984-ஆம் ஆண்டு ஏப்ரலில் ராகேஷ் சர்மா சல்யூட் 7 நிலையத்தில் ஏறத்தாழ எட்டு நாட்கள் தங்கினார். 2025-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் புறப்பட்ட சுபான்ஷு சுக்லா, சர்வதேச விண்வெளி நிலையத்தில் தங்கிய முதல் இந்தியராகி, ஜூலை 15-ஆம் நாள் திரும்பினார். இந்திய விஞ்ஞானிகள் வடிவமைத்த பரிசோதனைகள் அவருடன் சென்றன. நுண்ணிய நீர்க்கரடி என்னும் உயிரினமும் அவற்றுள் ஒன்று. 2018-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட ககன்யான் திட்டம், சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் இந்தியரைச் சில நாட்கள் சுற்றவைக்கும் நோக்கம் கொண்டது. 2035-ஆம் ஆண்டுக்குள் சொந்த விண்வெளி நிலையம் அமைப்பதும் அரசின் குறிக்கோளாகும்.

சில நாள் பயணத்தில் சிறுநீரகம் பெரும் இடரை ஏற்படுத்தாது என்றே இதுவரையிலான சான்றுகள் காட்டுகின்றன. மாதக்கணக்கில் தங்கும் நிலையம் அமையும்போது நிலைமை வேறு. ககன்யானின் ஆளில்லாப் பயணத்துக்கென வியோமித்ரா என்னும் எந்திர உருவை இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியுள்ளது. உயிர்ப்பலியின்றி விண்கலத்தின் பாதுகாப்பைச் சோதிக்கும் இவ்வழி வரவேற்கத்தக்கது. ஆயின் எந்திரத்துக்குச் சிறுநீரகம் இல்லை, ஹார்மோனும் இல்லை. அதனால் விடை கூற முடியாத வினாக்கள் எஞ்சுகின்றன.

இவ்வினாக்கள் அனைத்துக்கும் பிராணிகளை விண்வெளிக்கு அனுப்ப வேண்டியதில்லை. எலியின் வால்புறத்தைச் சற்று உயர்த்தி, பின்னங்கால்கள் தரையில் படாமல் வைத்துப் பராமரிக்கும் முறை 1970-களின் பிற்பகுதியிலிருந்து வழக்கில் உள்ளது. மனிதரைத் தலைப்பக்கம் சற்றுத் தாழ்ந்த படுக்கையில் வாரக்கணக்கில் படுக்கவைத்து ஆராயும் முறையும் உண்டு. இவை இந்தியப் பல்கலைக்கழகங்களின் வசதிக்கும் நிதிக்கும் எட்டக்கூடியவை. பிராணிகளைப் பரிசோதனைக்குப் பயன்படுத்துவதை 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. வேறு வழி உள்ள இடத்தில் பிராணியைத் தவிர்த்தல், எண்ணிக்கையைக் குறைத்தல், வேதனையைத் தணித்தல் ஆகிய மூன்று நெறிகளும் உலகெங்கும் ஏற்கப்பட்டவை. போன்னியின் கதை, இந்நெறிகள் கருணையின்பாற்பட்டவை மட்டுமல்ல, நல்ல விஞ்ஞானத்துக்கும் இன்றியமையாதவை என்பதை உணர்த்துகிறது. வேதனையில் இருக்கும் பிராணியின் ஹார்மோன்கள் வேதனையையே அறிவிக்கும். எடையின்மையைப் பற்றி அவற்றிடமிருந்து ஏதும் அறிய இயலாது.

இத்தகைய ஆராய்ச்சிக்கு நிதி கோரும் திட்டங்களைப் பரிசீலிக்கும் நிர்வாகி, உடலியல் அறிஞராக இருக்க வேண்டியதில்லை. மூன்று வினாக்களை அவர் கேட்டால் போதுமானது. ஒப்பிடுவதற்கான குழு உண்டா? அளவீடு நிகழும்போதே எடுக்கப்படுகிறதா, அல்லது அனைத்தும் முடிந்த பின்னரா? ஒரு பிராணியின் இயல்பு மனிதனுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்று தெளிவுபடுத்தப்பட்டுள்ளதா? இவற்றுக்கு நேரான விடை உள்ள திட்டம் சிறியதாயினும் பயன் தரும். விடை இல்லாத திட்டம், எத்துணைப் பெரிய ராக்கெட்டில் ஏறிச் சென்றாலும், கிடங்கின் இருப்பை மட்டும் எண்ணிவிட்டுத் திரும்பும்.

பாலிகஞ்ச் வளாகத்தின் விலங்கியல் வகுப்பில் நெஃப்ரானின் படத்தை வரைந்து பழகும் மாணவர், அப்படத்தின் வளைவுகளில் ஒன்று விண்வெளியில் சுருங்குகிறது என்பதை இப்போது அறிவார். வெயிலில் நடப்பவரின் நீரைக் காக்கும் அதே ஹார்மோனே விண்வெளி வீரரின் நீரையும் காக்க வேண்டும். அது எடையற்ற நிலையில் எவ்வளவு காலம் தவறாமல் பணிபுரியும் என்பதை அளந்து கூறும் பொறுப்பு, இன்று வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் தலைமுறையைச் சார்ந்ததாகும்.